180 விண்ணப்பம், 5 அழைப்பு: எந்தப் படியில் தடை?

கேள்வி: வரலாற்றில் எம்.ஏ. முடித்து 14 மாதம் ஆகிறது. முதல் வகுப்பு. இதுவரை ஏறக்குறைய 180 இடங்களுக்கு அப்ளை செய்திருக்கிறேன். 5 இடங்களிலிருந்து போன் வந்தது, 2 இன்டர்வியூ நடந்தது, வேலை கிடைக்கவில்லை. கன்டென்ட் ரைட்டர், ரிசர்ச் அசோசியேட், அட்மின், எச்.ஆர். டிரெய்னி என்று எது கண்ணில் பட்டாலும் அனுப்பிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே ரெஸ்யூமேதான். ஆய்வேட்டுக்காக ஒரு பழைய நாளிதழின் 10 ஆண்டு இதழ்களிலிருந்து, ஆசிரியருக்கு வந்த 412 கடிதங்களை எடுத்து, 14 வகைகளாகப் பிரித்து எக்செல்லில் தொகுத்திருக்கிறேன். இதெல்லாம் வேலைக்கு உதவாது என்கிறார்கள். கோடிங் கோர்ஸ் சேரலாமா, இன்னொரு பட்டம் படிக்கலாமா? எம்.ஏ. படித்ததையே ரெஸ்யூமேயில் மறைத்துவிடு என்கிறார் ஒரு நண்பர். அது சரியா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவியவை அந்த மூன்று எண்கள்தான். 180, 5, 2. விண்ணப்பம், அழைப்பு, இன்டர்வியூ, ஆஃபர் என்று வேலை தேடலில் நான்கு படிகள். எந்தப் படியில் ஆள் நிற்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம் மாறும். உங்கள் கணக்கில் 36 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. அழைத்த ஐந்து பேரில் இருவர் இன்டர்வியூ வரை கொண்டுபோயிருக்கிறார்கள், அது மோசமில்லை. இரண்டே இரண்டு இன்டர்வியூவை வைத்துக்கொண்டு உங்கள் பேச்சுத்திறனைப் பற்றி யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே இன்டர்வியூ பயிற்சி, ஆளுமை வளர்ச்சி என்று யாராவது காசு கேட்டால் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். கோளாறு முதல் படியில் இருக்கிறது: எந்த வேலைக்கு அனுப்புகிறீர்கள், எதை அனுப்புகிறீர்கள், அது யார் கண்ணில் படுகிறது.

காலமும் உங்களுக்கு எதிராக இருக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. பொருளாதாரம் இறுகும்போது நிறுவனங்கள் சுலபமாகக் கைவைப்பது புது ஆள் எடுப்பதில்தான். வேலையில் இருப்பவர்களும் பயந்துகொண்டு இடம் மாறாமல் உட்கார்ந்துவிடுவதால் காலியிடமே குறைவாக உருவாகிறது. அடுத்து, ஆளை எடுத்துப் பழக்கும் செலவு வெட்டப்படுகிறது. ஃப்ரெஷர் வேலை என்று போட்டுவிட்டு அதற்குக் கீழேயே 'இரண்டு ஆண்டு அனுபவம்' என்று எழுதுவது இதனால்தான். இந்த அடி எல்லாப் பட்டதாரிகளுக்கும் விழுகிறது. ஆனால் கணக்கியல் படித்தவருக்குப் பட்டத்தின் பெயரே ஒரு வேலையைக் காட்டிவிடுகிறது. வரலாறு, இலக்கியம், தத்துவம், சமூகவியல் படித்தவருக்கு அந்த வசதி கிடையாது. நல்ல காலத்தில் 'விவரமான பிள்ளை, கற்றுக்கொள்ளும்' என்று ஒரு நம்பிக்கையில் எடுப்பார்கள். நெருக்கடியில் அந்த நம்பிக்கை வைக்க மேலாளருக்குத் துணிச்சல் வராது. உங்கள் படிப்பு அவருடைய மேஜையில் என்ன வேலை செய்யும் என்பதை அவரே ஊகிக்கட்டும் என்று விட்டால் அவர் ஊகிக்க மாட்டார், அடுத்த ரெஸ்யூமேவுக்குப் போய்விடுவார்.

மந்த காலத்தில் பட்டம் பெற்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதை ஓரியோபோலஸ், வான் வாக்டர், ஹெய்ஸ் ஆகிய பொருளாதார அறிஞர்கள் கனடாவின் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். வேலையின்மை விகிதம் 5 சதவீதப் புள்ளி உயர்ந்த காலத்தில் வெளியே வந்தவர்களின் தொடக்க வருமானம் சுமார் 9 சதவீதம் குறைந்திருந்தது. ஐந்தாண்டில் அந்த இழப்பு பாதியானது, பத்தாண்டு வாக்கில் மறைந்தது. கவனிக்க வேண்டியது அது மறைந்த விதம். சுமாரான நிறுவனங்களில் தொடங்கியவர்கள் படிப்படியாக நல்ல நிறுவனங்களுக்கு மாறியதே பெரிய காரணம். ஆக, முதல் வேலை கனவு வேலையாக இருக்கத் தேவையில்லை. ஒரு ஆண்டு கழித்து வேறொருவரிடம் எடுத்துக்காட்டக்கூடிய பணி கையில் சேருமா என்பதுதான் கேள்வி. ஆறு மாத ஒப்பந்தம், பிரசவ விடுப்பில் போனவருக்கு மாற்று, ஒரே ஒரு திட்டத்துக்கான தற்காலிக இடம் ஆகியவை மந்த காலத்திலும் திறந்திருக்கும் கதவுகள். நிரந்தரம் இல்லை என்று உங்களைப் போன்றவர்கள் அவற்றைத் தாண்டிப் போவதால் அங்கே போட்டியும் குறைவு.

இனி, எந்த வேலைக்கு என்ற விஷயம். நீங்கள் குறிப்பிட்ட நான்கு வேலைகளுக்கும் ஒரே ரெஸ்யூமே பொருந்தாது. எச்.ஆர். டிரெய்னிக்குப் பொருத்தமாகத் தெரியும் வரி ரிசர்ச் வேலைக்கு வீணாகத் தெரியும். இரண்டே இரண்டு துறைகளைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ரெஸ்யூமே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பின்னணிக்கு நான் முதலில் சொல்வது ஆய்வு மற்றும் சரிபார்ப்பு வேலைகள். வங்கிகளிலும் அவற்றுக்குப் பணி செய்து கொடுக்கும் நிறுவனங்களிலும் கே.ஒய்.சி. அனலிஸ்ட், டியூ டிலிஜென்ஸ் அனலிஸ்ட் என்ற பெயரில் இடங்கள் வருகின்றன. ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார், அவரைப் பற்றிப் பாதகமான செய்தி உண்டா, கொடுத்த ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, குறிப்பு எழுதிப் பதிவு செய்வதே அன்றாட வேலை. முரண்படும் இரண்டு ஆதாரங்களில் எதை, ஏன் நம்புவது என்று எழுதிப் பழகியவர் நீங்கள். ஆனால் விளம்பரத்தின் தலைப்பில் வங்கி வாடை அடிப்பதால் வரலாறு படித்தவர்கள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சந்தை ஆய்வு நிறுவனங்களிலும், செயலிகள் தயாரிக்கும் நிறுவனங்களின் யூசர் ரிசர்ச் (பயனர்களின் தேவைகளை ஆராயும்) குழுக்களிலும் நேர்காணல் பதிவுகளைப் படித்துக் குறியிட்டு வகைப்படுத்தும் வேலை உண்டு. 412 கடிதங்களை 14 வகைகளில் அடக்கியது அதே வேலைதான். அங்கே அதற்கு என்விவோ, அட்லஸ்.டிஐ போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்துவார்கள். அவை விலை அதிகம், பழகிப் பார்க்க டேகெட் என்ற இலவச மென்பொருள் போதும்.

இரண்டாவது, டாக்குமென்டேஷன். மென்பொருள், மருத்துவக் கருவி, காப்பீடு, தொழிற்சாலை என்று எங்கெல்லாம் நடைமுறையை எழுதி வைத்தாக வேண்டுமோ அங்கெல்லாம் ஆள் தேவை. டெக்னிக்கல் ரைட்டர், டாக்குமென்டேஷன் அசோசியேட், நாலெட்ஜ் பேஸ் எடிட்டர், ப்ரோபோசல் கோஆர்டினேட்டர் என்று பல பெயர்களில் வரும். பொறியாளரிடம் சரியான கேள்வி கேட்டு, அவர் தாவிவிடும் படியைப் பிடித்து, அந்தப் பொருளைத் தெரியாதவருக்குப் புரியும் வரிசையில் எழுதுவதே இதன் சாரம். எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன் முறையைக் கற்க ஒரு நாள் போதும். கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் இந்த வேலைக்குத் தேவையான அளவைப் பழக ஒரு வாரம் ஆகும். எளிய மொழிக்கென்று 2023-இல் ஐ.எஸ்.ஓ. 24495-1 என்ற சர்வதேசத் தரம் வந்திருக்கிறது. வாசகருக்குத் தேவையானது இருக்க வேண்டும், அதைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், பயன்படுத்த முடிய வேண்டும் என்ற நான்கு கொள்கைகள்தான் அதன் அடிப்படை. இன்டர்வியூவில் 'நல்ல எழுத்து என்றால் என்ன?' என்று கேட்டால் 'தெளிவாக இருக்க வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட இந்த நான்கையும் சொல்லுங்கள்.

ஆவணக் காப்பகம், டிஜிட்டல் நூலகம், மெட்டாடேட்டா (ஆவணங்களைப் பற்றிய விவரக் குறிப்பு) வேலைகளும் உண்டு. இடங்கள் குறைவு, பல இடங்களில் நூலக அறிவியல் பட்டம் கேட்பார்கள். டப்ளின் கோர் என்ற 15 கூறுகள் கொண்ட விவரணை முறையை உங்கள் கடிதத் தொகுப்புக்கே போட்டுப் பழகிவிடலாம். மொழிபெயர்ப்பில் இப்போது வருவது பெரும்பாலும் இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தும் பணி, கூலி சொற்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப. உபரி வருமானத்துக்குச் சரி.

கன்டென்ட் ரைட்டிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு இத்தனை கட்டுரை என்று எடைக்கு எடை எழுதித் தரும் வேலையை இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருமளவு எடுத்துக்கொண்டுவிட்டன. மிச்சம் இருப்பது அந்தக் கருவிகள் எழுதியதைச் சரிபார்த்துப் பொறுப்பேற்கும் எடிட்டர் வேலை. விளம்பரத்தில் 'தினமும் பத்துக் கட்டுரை' என்று இருந்தால் விட்டுவிடுங்கள். 'உண்மை சரிபார்ப்பு', 'எடிட்டிங்', 'பொருள் வல்லுநர்களுடன் பேசி' போன்ற சொற்கள் இருந்தால் படித்துப் பாருங்கள்.

துறைகளைத் தேர்ந்த பிறகு, கடிதங்களுக்குச் செய்ததையே விளம்பரங்களுக்கும் செய்யுங்கள். ஒரு துறைக்கு 20 விளம்பரங்களை எடுத்து ஒரு ஷீட்டில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் கேட்கும் பணிகள், கருவிகள், சொற்கள் என்ன என்று குறியிட்டு எண்ணுங்கள். 20-இல் 12-க்கு மேல் வருகிறதென்றால் அது உங்களிடம் இருந்தாக வேண்டும், ரெஸ்யூமேயில் அதே சொல்லில் இருக்க வேண்டும். ஐந்துக்கும் குறைவாக வருவதைப் பற்றிக் கவலை வேண்டாம், விளம்பரம் எழுதியவரின் ஆசைப்பட்டியல் அது. இடைப்பட்டவற்றில் ஒன்றிரண்டை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். வேலைத் தளங்களில் தேடும்போதும் பதவிப் பெயரைத் தட்டுவதைவிட, இந்த எண்ணிக்கையில் மேலே வந்த பணிச்சொற்களைத் தட்டினால் நீங்கள் கேள்விப்படாத பதவிப் பெயர்கள் வெளியே வரும்.

இந்த ஷீட்டே உங்கள் கோர்ஸ் கேள்விக்கும் பதில் சொல்லிவிடும். கோடிங் கோர்ஸ் முடித்து நீங்கள் போய் நிற்கப்போவது, நான்கு ஆண்டு அதையே படித்து, அதே மந்தத்தில் வேலை கிடைக்காமல் நிற்கும் வரிசையின் வாலில். அதற்குப் பதிலாக எக்செல்லில் பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துச் சுருக்கும் அட்டவணை), லுக்அப் சூத்திரங்கள் (பொருந்தும் தரவைத் தேடி எடுப்பவை), தரவைச் சுத்தம் செய்வது, தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.-இன் அடிப்படை இவற்றைக் கற்றால் உங்கள் ஆய்வுத் திறனுக்கு அது கைகொடுக்கும். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு மாதத்தில் வேலைக்கு வேண்டிய அளவு வந்துவிடும், இலவசப் பாடங்களே போதும். இன்னொரு பட்டம் என்பது, ஆசிரியர், நூலகர், உளவள ஆலோசகர் போல அந்தப் பட்டம் இல்லாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள் என்ற வேலைக்குப் போகத் தீர்மானித்திருந்தால் மட்டும். வேலை கிடைக்காததால் படிப்பது என்றால், இரண்டு ஆண்டு கழித்து இதே கடிதத்தை இன்னும் அதிக வயதோடும் ஒருவேளை கடனோடும் எழுத வேண்டிவரும்.

ரெஸ்யூமேக்கு வருவோம். உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் ஆய்வேட்டின் தலைப்பை அப்படியே ஒரு வரியாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 'நாளிதழ் வாசகர் கடிதங்களில் பொதுமக்கள் கருத்து: ஒரு வரலாற்று ஆய்வு' என்ற வரி மேலாளருக்கு ஒன்றும் சொல்லாது. தலைப்பு இரண்டாம் பட்சம், செய்த காரியமே முக்கியம். ஆய்வு வேலைக்கான ரெஸ்யூமேயில் இப்படி வரலாம்: '10 ஆண்டு நாளிதழ் இதழ்களைப் பார்வையிட்டு 412 கடிதங்களைத் தேர்ந்து, 14 வகைகளாகக் குறியிட்டு, தேதி, இடம், பொருள் வாரியாகத் தேடக்கூடிய தரவுத்தொகுப்பாக எக்செல்லில் உருவாக்கினேன்.' சரிபார்ப்பு வேலைக்கு: 'கடிதங்களில் சொல்லப்பட்ட சம்பவங்களை அதே காலச் செய்திகளோடு ஒப்பிட்டு, முரண்பாடுகளைத் தனி நெடுவரிசையில் குறித்தேன்.' டாக்குமென்டேஷனுக்கு: 'எந்தக் கடிதம் எந்த வகையில் சேரும் என்பதற்கான விதிகளை மற்றவரும் பின்பற்றும்படி மூன்று பக்க வழிகாட்டியாக எழுதினேன்.' இவற்றில் நீங்கள் செய்யாததைப் போடக் கூடாது. வழிகாட்டி எழுதவில்லை என்றால் இந்த வாரம் எழுதிவிட்டுப் போடுங்கள், விதிகள் உங்கள் தலைக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் ஒரு வினை, ஓர் அளவு, கையில் மிஞ்சிய ஒரு பொருள் இருக்கட்டும். 'கடின உழைப்பாளி', 'குழுவாக இயங்குபவர்' போன்ற சொற்களை எல்லோரும் எழுதுவதால் யாரும் படிப்பதில்லை.

ஒரு பக்கம் போதும். மேலே பெயர், தொடர்பு எண், மின்னஞ்சல், மாதிரிப் பணிகளின் இணைப்பு. அடுத்து இந்தத் துறைக்கு நீங்கள் என்ன செய்து தர முடியும் என்று இரண்டு வரி. பிறகு திட்டங்களும் பணிகளும், கருவிகள், கடைசியில் படிப்பு. ஃப்ரெஷர் என்றால் படிப்பு முதலில் வர வேண்டும் என்பார்கள். பட்டத்தின் பெயர் வேலையைச் சொல்லாத இடத்தில் அந்த விதி உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

'கம்ப்யூட்டரே நிராகரித்துவிடுகிறது' என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. விண்ணப்பங்களைக் கையாளும் ஏ.டி.எஸ். மென்பொருளில் உங்களைத் தானாகத் தள்ளிவிடுவது பெரும்பாலும் படிவத்தில் வரும் ஆம், இல்லை கேள்விகள்: இந்தப் பட்டம் உண்டா, இந்த ஊருக்கு வர முடியுமா, எத்தனை ஆண்டு அனுபவம், எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு. அவசரத்தில் அனுபவம் 0 என்று தட்டினால் அதோடு முடிந்தது. ஆய்வு உதவியாளர் பணி, இன்டர்ன்ஷிப், பகுதிநேர எடிட்டிங் இவற்றையெல்லாம் மாதக் கணக்கில் கூட்டி, படிவம் அனுமதிக்கும் அளவில் உண்மையான எண்ணைப் போடுங்கள். இன்னொன்று, மென்பொருள் உங்கள் ரெஸ்யூமேவைப் பிழையாகப் படிப்பது. பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த அமைப்பு, அட்டவணை, படக்குறிகள், ஹெடர் பகுதிக்குள் வைத்த போன் நம்பர் ஆகியவை கலைந்தோ காணாமலோ போகும். சோதிப்பது சுலபம். பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை குழம்பினாலோ எண் வராவிட்டாலோ அமைப்பை மாற்றுங்கள். மூன்றாவது காரணம் சாதாரணமானது: உங்கள் விண்ணப்பத்தை யாரும் திறக்கவே இல்லை. நூற்றுக்கணக்கில் வந்து குவியும்போது, பேசிப் பார்க்கப் போதுமான ஆட்கள் கிடைத்ததும் எச்.ஆர். மீதியைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். விளம்பரம் வந்த முதல் இரண்டு மூன்று நாளுக்குள் அனுப்பச் சொல்வது இதனால்தான். மாதக்கணக்கில் தொங்கும் விளம்பரங்களுக்கு நேரம் செலவிட வேண்டாம். அவற்றில் சில ஆளெடுக்கும் எண்ணமே இல்லாமல் கிடப்பவை.

அனுபவம் இல்லை என்ற குறையை ஈடுகட்டுவது மாதிரிப் பணிகள். மூன்று போதும், நான்காவதை யாரும் திறக்க மாட்டார்கள். முதலாவது, அந்த 412 கடிதங்களின் தரவு. ஓபன்ரிஃபைன் என்ற இலவசக் கருவியில் ஏற்றி, ஒரே ஊர்ப் பெயர் பல எழுத்துக்கூட்டலில் வந்திருந்தால் ஒன்றாக்குங்கள். ஒரு பிவட் டேபிள், ஒரு வரைபடம், இரண்டு பக்க அறிக்கை. அறிக்கையின் முதல் பத்தியிலேயே கண்டுபிடிப்பைச் சொல்லிவிடுங்கள். முன்னாய்வுகள், கோட்பாட்டுச் சட்டகம் எல்லாவற்றையும் தாண்டி ஆறாம் பக்கத்தில் முடிவைச் சொல்வது பல்கலைக்கழகப் பழக்கம், அலுவலகத்தில் அது எடுபடாது. இரண்டாவது, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஏதாவது ஒரு கட்டற்ற (யாரும் பங்களிக்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ்) மென்பொருளின் உதவிப் பக்கத்தில் குழப்பமான ஒரு பகுதியை எடுத்து 600 முதல் 800 சொற்களில் படிப்படியான வழிகாட்டியாக எழுதுங்கள். அந்த மென்பொருளை உருவாக்கும் குழுவுக்கே அதை அனுப்பலாம். ஏற்றுக்கொண்டுவிட்டால் முன்பின் தெரியாதவர்கள் பரிசோதித்து ஒப்புக்கொண்ட பணி என்பதற்குப் பொது ஆதாரம் கிடைக்கிறது, அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. மூன்றாவது, ஒரு பக்க எடிட்டிங் மாதிரி: முன், பின், எதை ஏன் மாற்றினேன் என்ற குறிப்பு.

இதில் கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களால். ஆய்வேட்டின் ஒரு முழு அத்தியாயத்தை அடிக்குறிப்புகளோடு மாதிரியாக இணைப்பது ஒன்று. கூகுள் டிரைவ் இணைப்பில் அனுமதி கொடுக்க மறப்பது இன்னொன்று. எதிரில் இருப்பவர் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார். லாக்அவுட் செய்துவிட்டு, வேறொரு போனிலிருந்து உங்கள் இணைப்பைத் திறந்து பார்த்த பிறகே அனுப்புங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் முகம் தெரியாதவருக்கு அனுப்பும் விண்ணப்பத்தின் பலம் குறைவுதான். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்த நபரை எவ்வளவு அடிக்கடிப் பார்ப்பீர்கள் என்று கேட்டதன் விவரம் இருக்கிறது. அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம், எப்போதாவது என்றவர்கள் 55.6, மிக அரிதாக என்றவர்கள் 27.8. நெருங்கியவர்களுக்குத் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் தெரிந்திருக்கும், புதுச் செய்தி வருவது சற்று விலகி நிற்பவரிடமிருந்து. லிங்க்ட்இன் பயனர்கள் 2 கோடி பேரை வைத்து 2022-இல் வந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது: மிக நெருக்கமும் வேண்டாம், முற்றிலும் அந்நியமும் வேண்டாம், இடைப்பட்ட பழக்கமே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியது. இரண்டு மூன்று வகுப்பு முன்னால் படித்த சீனியர்கள், ஆசிரியரின் பழைய மாணவர்கள், இன்டர்ன்ஷிப்பில் பழகியவர்கள் என்று 40 பேர் கொண்ட பட்டியல் ஒன்று போடுங்கள்.

வேலை வேண்டும் என்று கேட்டு எழுதாதீர்கள். அவர் கையில் வேலை இல்லை என்பதால் சங்கடப்பட்டுப் பதிலே போட மாட்டார். 80 சொல்லுக்குள் ஒரு செய்தி: நீங்கள் யார், அவரை எப்படித் தெரியும், அவர் செய்யும் வேலையில் எதை அறிய விரும்புகிறீர்கள், 15 நிமிடம் பேச முடியுமா. பேசும்போது மூன்று கேள்விகள் போதும். இந்த வேலைக்கு வந்த புதியவர்கள் எதில் தடுமாறுகிறார்கள்? என் மாதிரிப் பணியைப் பார்த்தால் எது குறைகிறது? நான் பேச வேண்டிய இன்னொருவர் யார்? அவர் சொன்ன திருத்தத்தைச் செய்து, பத்து நாளில் 'நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன்' என்று அனுப்புங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு என்பதால் பெயர் நினைவில் நிற்கும், இடம் காலியாகும்போது ஞாபகம் வரும்.

வாரத்துக்கு எவ்வளவு? 14 மாதத்தில் 180 என்றால் வாரத்துக்கு மூன்றுதான் ஆகிறது. அதைக் கண்டபடி முப்பதாக்க வேண்டாம். தேர்ந்தெடுத்து ஆறு முதல் எட்டு வரை, ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம். அதில் பாதி நேரம் ரெஸ்யூமேயின் முதல் ஐந்து வரிகளை அந்த விளம்பரத்துக்கேற்ப மாற்றுவதற்கு. கவர் லெட்டர் கேட்டால் மட்டும் எழுதுங்கள், மூன்று பத்திக்கு மேல் போகக் கூடாது. ஏஐ கருவியில் எழுதி அப்படியே அனுப்பினால் அதே கருவியில் எழுதிய நூறு கடிதங்களில் உங்களுடையதும் ஒன்று. வாரத்துக்கு நான்கு பேருக்குச் செய்தி அனுப்புங்கள். மாதிரிப் பணிக்கு ஐந்து மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் பதியுங்கள்: தேதி, நிறுவனம், துறை, எந்த ரெஸ்யூமே, விளம்பரம் வந்து எத்தனை நாள், நேரடியாகவா தெரிந்தவர் மூலமா, என்ன பதில். 30 விண்ணப்பம் ஆனதும் நிறுத்திப் பாருங்கள். மூன்று அழைப்புகூட வரவில்லை என்றால் ரெஸ்யூமேவையோ துறையையோ மாற்ற வேண்டும். அழைப்பு வந்து அதோடு நின்றால், போனில் சம்பளம், இடமாற்றம், சேரும் தேதி பற்றி நீங்கள் தந்த பதில்களில் சிக்கல். இன்டர்வியூ ஐந்தாறு ஆகியும் ஆஃபர் இல்லை என்றால்தான் பேச்சுப் பயிற்சிக்குப் போக வேண்டும்.

அந்த இன்டர்வியூவில் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். 'வரலாறு படித்துவிட்டு இங்கே ஏன்?' என்பதற்குத் தற்காப்பாகப் பேச ஆரம்பித்தால் வழுக்கிவிடும். செய்த வேலையிலிருந்து தொடங்குங்கள்: சிதறிக் கிடந்த ஆவணங்களைத் தொகுத்து வகைப்படுத்தியதையும், அதே வேலை இங்கே வேறு ஆவணங்களோடு நடப்பதையும் 40 விநாடியில் சொல்லி, மாதிரியைக் காட்டிவிடுங்கள். '14 மாதம் என்ன செய்தீர்கள்?' என்பதற்கு, வேலை தேடியதைச் சுருக்கமாக ஒப்புக்கொண்டு, அந்த நேரத்தில் முடித்த மூன்று பணிகளைச் சொல்லுங்கள். சோகத்தை நீட்ட வேண்டாம்.

ஏமாற்றுகளும் இந்தக் காலத்தில் பெருகும். பயிற்சிக் கட்டணம், டெபாசிட், லேப்டாப்புக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்கக் கூடாது, மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்கவும் கூடாது. தேர்வுக்கென்று எழுதித் தரச் சொன்னால் இரண்டு மூன்று மணி நேர வேலை நியாயம். முழு அறிக்கை, பத்துக் கட்டுரை என்று கேட்டால் இலவச வேலை வாங்குகிறார்கள். ஊதியத்தைக் கேளுங்கள், அல்லது ஏற்கெனவே செய்த மாதிரியை அனுப்பி அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எம்.ஏ.வை மறைப்பது. நான் சொன்ன துறைகளில் தேவையில்லை. ஆய்வு வேலைக்கு அது சாதகம், டாக்குமென்டேஷனில் கேடு செய்யாது. குடும்பச் சூழல் காரணமாக டேட்டா என்ட்ரி, வரவேற்பு மேஜை (ஃப்ரண்ட் ஆபீஸ்), கால் சென்டர் என்று உடனடி வருமானத்துக்கு ஓர் இடம் தேவைப்பட்டால், அங்கே 'இவர் ஆறு மாதத்தில் ஓடிவிடுவார்' என்ற பயத்தில் உங்களை ஒதுக்குவார்கள். அத்தகைய ரெஸ்யூமேயில் இளநிலைப் பட்டத்தை மட்டும் போடலாம், ரெஸ்யூமே என்பது தேர்ந்தெடுத்த சுருக்கம்தான். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் 'உயர்ந்த கல்வித் தகுதி' என்ற கட்டம் இருந்தால் அங்கே எம்.ஏ. என்றே எழுத வேண்டும். சேர்ந்த பிறகு நடக்கும் பின்புலச் சரிபார்ப்பில், விட்டுப்போனதைவிடப் பொய் சொன்னதுதான் வேலையைப் பறிக்கும். அந்த எம்.ஏ. ஆண்டுகள் ரெஸ்யூமேயில் இடைவெளியாகத் தெரியும் என்பதால், அதே காலத்தில் செய்த பகுதிநேர வேலையையோ ஆய்வுத் திட்டத்தையோ தேதியோடு அங்கே போட்டுவிடுங்கள். நேரில் கேட்டால், படித்தேன் என்று நேராகச் சொல்லி, குறைந்தது ஓராண்டு இருப்பேன் என்பதற்கு உங்கள் காரணத்தையும் சொல்லுங்கள்.